கயிறு ராவுத்தரும் பனி ஏரி மிஷினும்

கர்ர்ர்ர்… டப். கர்ர்ர்ர்… டப்.

காலையில் எங்கள் எர்ணாகுளம் குடியிருப்பின் கீழே புல் வெட்டுகிறவன் மிஷினின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். நான்காவது இழுப்பில் ஒரு கெட்ட வார்த்தை. ஐந்தாவதில் அதைவிடக் கெட்டது. மூன்றாம் மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த நான் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "தோள விடு, இடுப்பால இழு" என்று கத்தப்போய், வாய் நிறைய நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்த வாக்கியம் என்னுடையதல்ல. அது கயிறு ராவுத்தருடையது. இத்தனை வருஷம் என் தொண்டைக்குள் எங்கே சுருண்டு கிடந்ததோ, ஒரு சத்தம் வந்து இழுத்ததும் வெளியே வந்துவிட்டது.

மட்டாஞ்சேரியில் வலது கை உள்ள அத்தனை பேரையும் அவமானப்படுத்திய ஒரே மனிதர் கயிறு ராவுத்தர். இடது கைக்காரர்கள் தப்பித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்களை இரண்டு தடவை அவமானப்படுத்துவார்.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. கயிற்றை இழுத்து உயிர் கொடுக்கும் சின்ன இன்ஜின்கள் ஊருக்குள் வந்து சேர்ந்திருந்தன. கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர், மாவு மில்லில் ஒன்று, தண்ணீர் இறைக்க ஒன்று. இவற்றில் எது மக்கர் செய்தாலும் ராவுத்தரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் மெக்கானிக் என்று சொல்லிவிட்டால் வந்த வழியே திரும்பிவிடுவார். அவர் தொடுவது கயிறு சுற்றியிருக்கும் அந்த வட்டத் தகர டப்பாவை மட்டும்தான். கார்புரேட்டர் அடுப்படி வேலை, பிளக் மின்சாரக்காரன் பாடு. "தூங்கறவன எழுப்பறதுதான் நம்ம சோலி. எழுந்தப்புறம் அவன் பல் தேச்சானா, சாயா குடிச்சானான்னு நான் எதுக்குப் பாக்கணும்?" என்பார்.

ஒல்லியான உடம்பு. பெல்ட்டுக்குப் பதிலாக இடுப்பைச் சுற்றி நாலைந்து நைலான் கயிறுகள். வலையிலிருந்து தப்பித்த மீன் வலையையும் கையோடு எடுத்துக்கொண்டு வந்தது போல நடந்து வருவார். கயிற்றை வெட்டியதும் நுனி பிரியாமலிருக்க அதை பீடி நெருப்பில் உருக்கி, கொதிக்கக் கொதிக்கக் கட்டைவிரலால் அழுத்துவார். அந்தக் கட்டைவிரல் பளிங்கு மாதிரி மினுங்கும். ரேகையே கிடையாது. எந்தப் பத்திரத்திலும் தன்னைக் கைநாட்டு வைக்கவைக்க முடியாது என்று அதில் ஒரு கர்வம் வேறு.

வந்தவுடன் மிஷினைப் பார்க்க மாட்டார். அதை இழுத்தவனின் கையைப் பார்ப்பார். உள்ளங்கையைத் திருப்பி, மணிக்கட்டை ஆட்டி, தோளில் ஒரு தட்டுத் தட்டி, தீர்ப்புச் சொல்லுவார். இது புட்டு அவிக்கிற கை. இது சீட்டாடுற கை. ஒரு தடவை கல்யாண மண்டபத்தில் கரண்ட் போய், பெண்ணின் அப்பாவே வேட்டியை மடித்துக் கட்டி ஜெனரேட்டர் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். ராவுத்தர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, பந்தியில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, பெண்ணைக் கொடுக்க மனசில்லாதவன்தான் இப்படிப் பாதி இழுத்து விடுவான் என்றார். மாப்பிள்ளை வீட்டார் இலையிலிருந்து எழுந்துவிட்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தி உட்கார வைக்க முக்கால் மணி நேரமாயிற்று. ஜெனரேட்டரைச் சரிசெய்ய ராவுத்தருக்கு ஆனது ஐந்தே நிமிஷம்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது இன்னொன்று. தப்பு என்று எது நடந்தாலும் அது அவருடையதாக இருக்காது. மாவு மில் இன்ஜினில் சுருள் ஸ்பிரிங்கைத் தலைகீழாகப் பூட்டிவிட்டார் ஒரு நாள். இழுத்த கயிறு உள்ளே திரும்பவில்லை, நாக்கைத் தொங்கவிட்ட நாய் மாதிரி தொங்கியது. முதலில் மில்காரர் காலையில் கப்பைக்கிழங்கு தின்றதுதான் காரணம் என்றார். வயிறு ஊதினால் மூச்சு முட்டுமாம், மூச்சு முட்டினால் கை கோணுமாம். ஸ்பிரிங் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருப்பதை மில்காரரின் மனைவியே விரலை வைத்துக் காட்டினாள். ராவுத்தர் அசரவில்லை. ஸ்பிரிங் சரியாகத்தான் இருக்கிறது, உங்கள் மில்லின் வாசல்தான் தப்பான திசையில் இருக்கிறது என்றார். அதுவரை நான் பார்த்த நாலு வருஷத்தில் "என் தப்பு" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அந்தச் சொல்லுக்கு உண்டான ஸ்பிரிங் அவருக்குள் பூட்டப்படவே இல்லை.

அப்போது நான் மட்டாஞ்சேரிக் கொச்சங்காடியில் ஒரு ஐஸ் கம்பெனியில் கிளார்க். இருபத்தாறு வயது. அது எனக்கு மூன்றாவது வேலை. முதல் இரண்டும் போனதற்கு ஒரே காரணம்தான்: எழுத வேண்டியதை விட்டுவிட்டு எழுதக் கூடாததை எழுதினேன். இங்கேயும் டெலிவரி சீட்டின் பின்பக்கத்தில் காயலைப் பற்றி நாலு வரி எழுதி, அது சீட்டோடு சேர்ந்து ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 'உப்பின் தூக்கத்தில் ஒரு படகு' எத்தனை ஐஸ் பிளாக் என்று அவர்கள் போன் போட்டுக் கேட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, சத்தம் போடாமல், இன்னும் ஒரே ஒரு தப்பு, அன்றைக்கே வெளியே என்று சொல்லிவிட்டார். அப்பா வேலையிலிருந்து நின்று இரண்டு வருஷமாகியிருந்தது. தங்கைகள் இருவரும் படித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அடுப்பு எரிவது என் சம்பளத்தில்தான். அந்த ஒரே ஒரு தப்பு எந்த மூலையில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருக்கிறதோ என்று பயந்துகொண்டே நடமாடினேன்.

அந்தச் சமயத்தில்தான் அது வந்தது.

துறைமுகத்தில் யாரும் கேட்டு வராத பெட்டிகளை ஏலம் விட்டார்கள். ஒரு பெட்டியின் மேல் ஐஸ் படம் போட்டிருந்ததைப் பார்த்து, நம் தொழிலுக்கானதுதான் என்று முதலாளி அதை எடுத்துவிட்டார். பிரித்தால் உள்ளே ஒரு ஆள் உயரத்துக்குத் திருகு. அதன் தலையில் ஒரு குட்டி இன்ஜின், இன்ஜினின் பக்கத்தில் இழுகயிறு. கூடவே ஒரு சின்னப் புத்தகம். எழுத்துக்களின் தலையில் புள்ளி புள்ளியாக வைத்திருந்த ஏதோ ஒரு பாஷை. கம்பெனியில் புத்தகம் என்று எது வந்தாலும் என் மேசைக்கு வரும், இதுவும் வந்தது. படங்களைப் பார்த்து நானே கதையைப் பிடித்தேன். எங்கோ குளிர்நாட்டில் ஏரி முழுக்க உறைந்துபோயிருக்கிறது. ஒருவன் இந்தத் திருகை வைத்து ஐஸில் ஓட்டை போடுகிறான். பிறகு முக்காலியில் உட்கார்ந்து அந்த ஓட்டைக்குள் தூண்டில் விடுகிறான்.

கம்பெனியே கூடிச் சிரித்தது. நாம் மீன் மேல் ஐஸைக் கொட்டுகிறோம், அங்கே ஐஸுக்கு அடியில் மீனா? ராவுத்தர் மட்டும் சிரிக்கவில்லை. படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அவன் தலைல எதுக்கு பூனை உக்காந்திருக்கு?"

அது ரோமத் தொப்பி என்றேன்.

"சரி. வீட்ல சண்ட போல. இல்லேன்னா எவனாவது ஐஸ் மேல தனியா போய் உக்காருவானா."

முதலாளிக்கு மூளை வேலை செய்தது. அதுவரை இரண்டு சுமைக்காரர்கள் ஐஸ் பாளத்தைச் சாக்கில் போட்டுக் கொட்டாப்புளியால் அடித்து உடைப்பார்கள். மிஷினை ஒரு மரச்சட்டத்தில் நிறுத்திவைத்து, திருகைப் பாளத்துக்குள் இறக்கினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இரண்டு பேர் அரை நாள் செய்யும் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. சந்தோஷத்தில் முதலாளி கொட்டாப்புளிகள் அத்தனையையும் வெந்நீர் அடுப்பில் விறகாக வைத்துவிட்டார். ஏரியில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டிய அந்த மிஷின், மட்டாஞ்சேரியில், செம்மீன் என்று சொல்லும் இறாலின் நாற்றத்தில், பதினைந்து பேர் கூச்சலுக்கு நடுவே வாழ்க்கைப்பட்டது.

அதற்குக் கணவன், மாமியார், காவல்காரன் எல்லாம் ராவுத்தரே. சட்டங்கள் பிறந்தன. கயிற்றை முதலில் மெதுவாக இழுக்க வேண்டும். உள்ளே ஏதோ கவ்விக்கொள்வது கைக்குத் தெரிந்ததும்தான் வேகமாக ஒரு இழுப்பு. கடைசிவரை இழுத்து முடிச்சில் இடிக்கக் கூடாது. இழுத்த பிறகு பிடியைச் சட்டென்று விட்டுவிடக் கூடாது, பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டி வருவது போலக் கயிற்றை உள்ளே கூட்டிக்கொண்டு போய் விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், ஸ்டார்ட்டருக்குள், அதாவது அந்தத் தகர டப்பாவுக்குள், யாரும் எண்ணெய் விடக் கூடாது, ஒரு சொட்டுக்கூட. காரணம் கேட்டால் சொல்ல மாட்டார். சொன்னால் எல்லோரும் ராவுத்தராகிவிடுவார்களே.

ஒரு நாள் ஸ்பிரிங்கை மாற்ற டப்பாவைத் திறந்தார். சுருள் ஸ்பிரிங் பாய்ந்தால் கண் போய்விடும், எல்லோரும் முகத்தை மூடுங்கள் என்று அதட்டினார். கையில் துணி இல்லாதவர்கள் அவசரத்தில் கட்டியிருந்த வேட்டியையே தூக்கி முகத்தை மூடிக்கொண்டார்கள். முதலாளியும்தான். சரியாக அந்த நேரத்தில் ஏற்றுமதிக் கம்பெனியின் அதிகாரியம்மா செம்மீனைப் பரிசோதிக்க உள்ளே வந்தார். முகமில்லாத எட்டுப் பேர் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். அந்த அம்மா வந்த வேகத்திலேயே திரும்பிப் போய்விட்டார். முதலாளி ராவுத்தரிடம் எகிறினார். நான் முகத்தைத்தானே மூடச் சொன்னேன், மற்றதைத் திறக்கச் சொன்னேனா என்று கேட்டுவிட்டு ராவுத்தர் ஸ்பிரிங்கைச் சுற்றப் போய்விட்டார். அன்றிலிருந்து முதலாளி ஒரு சாக்குக்காகக் காத்திருந்தார்.

டிசம்பர் மாதம் ராவுத்தர் இரண்டு நாள் வேலை என்று சொல்லிக் களமசேரிக்குப் போயிருந்தார். முதல் நாள் மத்தியானம் கயிற்றை இழுக்கும்போதெல்லாம் ஸ்டார்ட்டர் கிறீச் கிறீச்சென்று கத்தத் தொடங்கியது. முதலாளி அறையிலிருந்து, அந்தச் சனியனின் வாயை யாராவது மூடுங்கள் என்றார். யாராவது என்றால் அந்த நேரத்தில் பக்கத்தில் நின்றது நான்தான். என் மேசை இழுப்பறையில் ஒரு சின்னக் குப்பி உண்டு. அம்மா கறிவேப்பிலையும் மருதாணியும் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். மதியம் காற்றில் தலை பரட்டையாகிவிடும், ஒரு துளி தடவிக்கொள்வேன். அந்தக் காயல் கரையில் பிறந்தவனுக்கு எது கத்தினாலும், கதவோ, கட்டிலோ, முழங்காலோ, முதலில் கை போவது தேங்காய் எண்ணெய்க்குத்தான். யாரும் பார்க்காதபோது டப்பாவின் இடுக்கு வழியாகக் குப்பியைச் சரித்தேன். ஒரு சொட்டு. போதாதோ என்று இன்னும் கொஞ்சம். பிறகு தாராளமாக.

சத்தம் நின்றது. கயிறு வெண்ணெயில் கத்தி போல வந்தது. ராவுத்தரின் சட்டமெல்லாம் வெறும் ஜம்பம் என்று மனசுக்குள் சிரித்தபடி வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே செம்மீன் வந்து இறங்கியது. தளமே தெரியாதபடி கூடைகள். எட்டு மணிக்கு அவ்வளவும் பொடி ஐஸுக்குள் மூடி லாரியில் ஏற வேண்டும். சுமைக்காரன் கயிற்றை இழுத்தான். சர்ரென்று வந்தது. ஒன்றும் கவ்வவில்லை. மறுபடி இழுத்தான். புடவையிலிருந்து நூலை உருவுவது போல எந்தத் தடையும் இல்லாமல் வந்தது, போனது. இன்ஜின் ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. அடுத்தவன் இழுத்தான், அதற்கடுத்தவன், கடைசியில் முதலாளியே இழுத்தார். உடைக்கக் கொட்டாப்புளியும் இல்லை. கூடைகளிலிருந்து செந்நிறத் தண்ணீர் கசியத் தொடங்கியிருந்தது. மிஷினை நேற்று யார் தொட்டது, அவனை இன்றைக்கே தொலைத்துவிடுகிறேன் என்று முதலாளி எல்லா முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். என் முகம் அவர் பார்வைக்குக் கீழே, செருப்புக்குப் பக்கத்தில் எங்கோ இருந்தது.

முந்தின நாள் சாயங்காலமே ராவுத்தர் ஊருக்குத் திரும்பிவிட்டார் என்று யாரோ சொல்ல, ஆள் அனுப்பினார்கள். ஏழு மணிக்கு வந்தார். அவசரம் என்பது அவருக்கு மற்றவர்களின் வியாதி. வரிசையாகக் கைகளைப் பார்த்தார். முதலாளியின் கையைப் பார்த்து, இது இழுக்கிற கையில்லை, இழுத்தடிக்கிற கை என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு முதலாளி மிஷினைக் காட்டினார்.

பிறகு டப்பாவின் திருகாணிகளைக் கழற்றி, உள்ளே கயிறு சுற்றியிருந்த கப்பியைத் திருப்பினார். கயிற்றை இழுக்கும்போது வெளியே விரிந்து இன்ஜினைக் கவ்விக்கொள்ள இரண்டு சின்ன இரும்புப் பற்கள் அதில் உண்டு. அன்றைக்கு அந்த இரண்டும் வெள்ளையாக, மெழுகில் புதைத்தது போல, மடங்கியபடியே ஒட்டிக் கிடந்தன. ராத்திரி முழுக்க நாற்பது ஐஸ் பாளங்களுக்கு நடுவே நின்ற மிஷின். உள்ளே தேங்காய் எண்ணெய் கட்டியாக உறைந்துவிட்டிருந்தது.

ராவுத்தர் சுண்டுவிரலால் அதில் கொஞ்சம் வழித்தார். மூக்கருகே கொண்டு போனார். கண்ணை மூடி முகர்ந்தார். கண்ணைத் திறந்தபோது நேராக என் தலைமுடியைப் பார்த்தார்.

அப்பாவின் ஈஸிசேர், தங்கைகளின் புத்தகப்பை எல்லாம் வரிசையாகக் கண் முன் வந்தன.

"ஒரு கட்டன் சாயா. பாலும் சீனியும் வேண்டா. கொதிக்கணும்," என்றார் ராவுத்தர்.

செம்மீன் அழுகிக்கொண்டிருக்கும்போது இவருக்குச் சாயா கேட்கிறதா என்று முதலாளி கத்தினார். சாயா வந்தது. ராவுத்தர் ஒரு வாய்கூடக் குடிக்காமல் கண்ணாடி டம்ளரை அப்படியே கப்பியின் மேல் சரித்தார்.

"என்னய்யா பண்றீங்க?"

"அதுக்கு ஜலதோஷம் முதலாளி."

உறைந்த எண்ணெய் உருகிச் சாயாவோடு ஓடியது. கறிவேப்பிலை மணம் செம்மீன் நாற்றத்தையும் மீறி எழுந்தது. அதை வேறு யாரும் முகர்ந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, துணியால் பற்களை ஈரமில்லாமல் துடைத்து, கப்பியை இரண்டு சுற்றுச் சுற்றி ஸ்பிரிங்குக்கு முறுக்கேற்றி மாட்டினார். சுமைக்காரனைப் பார்த்துத் தலையசைத்தார். கர்ர்ர்ர். டபடபடபவென்று மிஷின் எழுந்தது. எட்டே காலுக்கு லாரி கிளம்பிவிட்டது.

அப்போதுதான் முதலாளிக்குப் பேச நேரம் கிடைத்தது. எல்லோரையும் நிறுத்திவைத்து, மிஷினுக்குள் எண்ணெய் விட்டது யார் என்று கேட்டார். கேள்வி நேராக ராவுத்தரிடம் போனது. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, ஆளைச் சொல்லுங்கள் என்றார்.

ராவுத்தர் இடுப்புக் கயிற்றை இறுக்கிக்கொண்டார். கல்யாண மண்டபத்தையும் மாவு மில்லையும் அலறவிட்ட அந்த வாய், யார் பக்கமும் திரும்பாமல், ஏதோ கல்லைத் தின்பது போல அசைந்தது.

"நாந்தான். நேத்து ராத்திரி வந்து ஊத்தினேன், கொஞ்சம் கூடிப்போச்சு. என் தப்பு."

மிஷின்கூட ஒரு கணம் நின்றது போலிருந்தது. முதலாளி இந்தச் சந்தர்ப்பத்துக்காகத்தான் அத்தனை நாளாகக் காத்திருந்தார். ஊரில் இருக்கிறவன் கையையெல்லாம் பழித்தீர்களே, இப்போது உங்கள் கையைக் காட்டுங்கள் என்றார். வேட்டி விஷயத்தையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில், இனி இந்தக் கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று முடித்தார். பதில் பேசாத ராவுத்தரை மட்டாஞ்சேரி அன்றைக்குத்தான் பார்த்தது. சுமைக்காரர்கள் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். நான்? பற்கள் ஒட்டிப்போன ஸ்டார்ட்டர் மாதிரி நின்றேன். உள்ளே என்னென்னவோ சுற்றியது. வெளியே ஒன்றும் கவ்வவில்லை.

அவர் தெருவுக்குப் போனபிறகுதான் எனக்குக் கால் வந்தது. சுக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்த கிட்டங்கிச் சுவரோரம் அவரைப் பிடித்தேன். மூச்சு வாங்கியது.

"ராவுத்தரே, நான் இப்பவே போய் முதலாளிகிட்ட உண்மையச் சொல்லிடறேன்."

அவர் பீடியைப் பற்றவைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சொல்லி? அவன் ஒன்னயும் வெளிய விடுவான். என்னயத் திரும்ப விளிக்கப் போறானா? ரெண்டு பேரும் ரோட்ல நின்னு என்ன செய்ய, கூடி உக்காந்து கவித எழுதவா?"

கண் கலங்கியதை அவர் பார்த்திருக்க வேண்டும், உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டார். நாலு வருஷமாக என்னை "ஏய் கிளார்க்" என்று மட்டுமே கூப்பிட்டவர், அந்த மினுங்கும் கட்டைவிரலால் என் தோளைக் கம்பெனி இருந்த பக்கம் திருப்பி, முதுகில் மெல்ல ஒரு தள்ளுத் தள்ளினார்.

"போ தம்பி. ஐஸ் உருகுது."